கொஞ்சம் பெரிய கேஸாக ஒரு கைதி

நம் சேலம், நாமக்கல் சீமையில் மரவள்ளிக்கும் கோழிக்கும் அடுத்தபடியாகச் செழித்து வளர்கிற ஓர் உயிரினம் உண்டு. அதற்கு மழை வேண்டாம், எரு வேண்டாம். ஒரு மைக், ஒரு பொன்னாடை, கைதட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத ஐம்பது பேர், இவ்வளவு கிடைத்தால் போதும், நட்ட இடத்தில் வேர் பிடித்துக்கொள்ளும். அடுத்தவரைத் திருத்துவதற்கென்றே பிறவி எடுத்ததால் இதற்குத் 'திருத்துநர்' என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்லிவிடாதீர்கள், உங்களையும் திருத்திவிடுவார்.

இந்த இனத்தில் கிளைகள் பல. மருமகளைத் திருத்துகிறவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைத் திருத்துகிறவர், காலையில் நடக்க வருகிறவர்களிடம் கையை எப்படி வீச வேண்டும் என்று திருத்துகிறவர். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சங்கடம் உண்டு. திருத்தப்படுகிறவர் நடுவில் எழுந்து போய்விடலாம். அந்தச் சங்கடமே இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தவர்தான் இந்த இனத்திலேயே உயர்ந்த ரகம். எழுந்து போக முடியாதவர்கள் எங்கே இருக்கிறார்கள்? சிறையில். அங்கே போய்த் திருத்துகிறவரைத்தான் இன்றைக்கு உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன்.

எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். கல்யாண வீட்டுப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டுவார். நடுவில் அவர். சுற்றிலும் வெள்ளைச் சட்டை போட்ட கைதிகள். சட்டப்படி கைதிகளின் முகத்தை எல்லாம் மங்கலாக்கியிருப்பார்கள். அவர் முகத்தை மங்கலாக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. "இவங்க எல்லாரும் என் சகோதரர்கள்" என்பார். அவருடைய சொந்தச் சகோதரர் அதே பந்தியில் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். சொத்துத் தகராறில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துக் காட்டுகிறேன். சூரமங்கலத்தில் குடியிருக்கும் திருவாளர் முருகானந்தம். ஊருக்கு வெளியே ஒரு சேகோ ஆலை அவருக்குச் சொந்தம். மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக மாற்றுகிற தொழிலில் நாற்பது வருஷம் கழித்தவர், மனிதர்களையும் அப்படியே அரைத்து, சலித்து, வெள்ளை வெளேரென்று காயவைத்துவிடலாம் என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார். 'கைதூக்கிவிடுவோம் அறக்கட்டளை' அவர் தொடங்கியதுதான். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். 'சிறைமலர்ச் செம்மல்' என்று ஒரு பட்டமும் உண்டு. அதை யார் கொடுத்தார்கள் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். அறக்கட்டளை கொடுத்ததாம்.

இவர் உள்ளே நடத்திய நிகழ்ச்சிகளைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். யோகா, சிரிப்பு யோகா, மௌனத்தின் மகிமை பற்றி மூச்சு விடாமல் ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு, குற்றத்துக்குக் காரணம் மனமா சூழ்நிலையா என்று பட்டிமன்றம், அதில் சூழ்நிலையே என்று பேசிய கைதியை நடுவர் கண்டித்து உட்காரவைத்தது, இதெல்லாம் போதாதென்று கோயமுத்தூரிலிருந்து ஒரு கோட்டுப் போட்ட நிபுணரை வரவழைத்து 'நேர மேலாண்மை' என்று ஒரு நாள் முழுக்க வகுப்பு. கைதிகளுக்கு நேர மேலாண்மை! கையில் இருக்கிற நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனிடம் நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும். ஒரு தீபாவளிக்கு ஆளுக்கொரு மணிபர்ஸ் கொடுத்தார். உள்ளே பணம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லையே என்று வார்டர் தயங்கினார். "நல்ல எண்ணங்களை வைத்துக்கொள்ளட்டும்" என்றார் செம்மல். கைதட்டல்.

கைதிகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாரா? கேட்கவில்லை. கேட்காமலே ஒருவர் சொன்னார். அவர் பெயர் கருப்பண்ணன். மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர். ரிக் லாரி ஓட்டியவர். நம் பக்கத்தில் ரிக் என்றால் போர்வெல் போடுகிற வண்டி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூட்டம் முடிகிற நேரத்தில் அவர் எழுந்து நின்றார்.

"அய்யா, என்ற ஹெவி லைசென்ஸ் அடுத்த மாசத்தோட முடியுதுங்க. அதைப் புதுப்பிக்கறதுக்கு என்ன பண்ணோணும்னு யாரையாச்சும் கேட்டுச் சொல்லுவீங்களா? வெளிய போனா அதுதானுங்க சோறு."

முருகானந்தம் கண்ணை மூடினார். திறந்தார். "முதலில் மனதைப் புதுப்பியுங்கள் சகோதரரே!"

மறுபடியும் கைதட்டல். லைசென்ஸ் காலாவதியானது.

உள்ளே உருப்படியாக எதுவுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலங்களில் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாரும் குடியால் கெட்டவர்கள். அப்புசாமி என்கிற ஆயுள் கைதி தொடங்கிவைத்தது அது. யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. "இன்னைக்கும் நெனப்பு வந்துச்சு" என்று ஒருவர் சொல்வார். "எனக்கும் வந்துச்சு" என்று இன்னொருவர் சொல்வார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. கருப்பண்ணன் குடியை விட்டது அங்கேதான். சிறை பேக்கரியில் மாவு பிசைந்து ரொட்டி சுடக் கற்றுக்கொண்டதும் அந்த நாட்களில்தான். கைக்கு ஒரு வேலை, வாய்க்கு ஒரு மரத்தடி. மனிதர் மெல்ல மெல்ல நிமிர்ந்துவிட்டார்.

இந்த மரத்தடி விஷயம் எப்படியோ செம்மலின் காதுக்குப் போய்விட்டது. விடுவாரா? அடுத்த வியாழக்கிழமையே வந்துவிட்டார். பந்தல் வந்தது, நாற்காலி வந்தது, மைக் வந்தது, பேனர் வந்தது. பேனரில் ஒரு சாராய பாட்டில் படம், அதை உதைக்கிற மாதிரி அவர் படம். பாட்டிலைவிட அவர் பெரிது. ஏழெட்டுப் பேர் கூடின இடத்தில் இருநூறு பேரை வரிசையாகக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அப்புசாமியை மேடையேற்றி, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். அப்புசாமி மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், "ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் மரத்தடியில் ஒருவரும் கூடவில்லை. அறக்கட்டளையின் ஆண்டு மலரில் மட்டும் 'போதை மீட்பில் மாபெரும் வெற்றி' என்று இரண்டு பக்கம் வந்தது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருத்துநருக்கு ஓர் ஆள் வேண்டும். இவ்வளவு பாடுபட்டுத் திருத்துகிறாரே, திருந்தியதற்கு அடையாளமாக மேடையில் பக்கத்தில் நிறுத்த உயிரோடு ஒருவன் வேண்டாமா? முருகானந்தம் தேடத் தொடங்கினார். சில்லறைத் திருடன் வேண்டாம், மேடையில் எடுபடாது. செக் மோசடிக்காரன் வேண்டாம், பார்த்தால் பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கிறான். கொலைக் கைதிகள் சிலர் கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் கண்ணில் பட்டவர் கருப்பண்ணன். நல்ல உயரம், முறுக்கின மீசை, கனத்த குரல். விடுதலைக்கும் அதிக நாள் இல்லை. முருகானந்தத்துக்குப் பரம திருப்தி.

"என்ன கேஸ் கருப்பண்ணா?"

கருப்பண்ணன் சொன்னார். என்ன சொன்னார் என்பதை உங்களுக்குப் பிறகு சொல்கிறேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

"வேற ஏதாவது? பழைய கேஸ்? வெளியே தெரியாம ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. இந்த ஒண்ணுக்கே புத்தி வந்துருச்சுங்க."

பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சிலருக்கு முகம் போகுமே, அப்படிப் போயிற்று அவர் முகம். ஆனாலும் அந்த மீசையை விட மனம் வரவில்லை. கேஸ்தானே சிறியது, பெரிது பண்ணிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த மனிதர் கருப்பண்ணனுக்கு ஒரே ஒரு நல்ல காரியம் செய்தார். கருப்பண்ணனின் தாயார் இறந்தபோது, பரோலில் போய்க் கொள்ளி வைக்க இவர்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கருப்பண்ணன் அதை மறக்கவில்லை. மறக்க முருகானந்தமும் விடவில்லை. "உன் தாயாருக்கு நீ கொள்ளி வைத்ததே..." என்று எந்தப் பேச்சையும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். அந்த ஒரு கையெழுத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு மனிதரை மேடை மேடையாக இழுத்தார்.

விடுதலையான காலையில் வாசலிலேயே மாலை, பொன்னாடை, வேட்டு. 'இருளிலிருந்து ஒளிக்கு' என்று பன்னிரண்டு அடி ஃபிளக்ஸ். கருப்பண்ணனின் மனைவி சௌந்திரம் ஒரு மஞ்சள் பையில் மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். மூன்று வருஷம் கழித்து வெளியே வருகிற புருஷனின் பக்கத்தில் போக அவளுக்கு வழி கிடைக்கவில்லை. போட்டோவில் அவள் தலை மறைப்பதாகச் சொல்லி இரண்டு தடவை நகர்த்தினார்கள்.

அடுத்த நாள் கருப்பண்ணன் சேகோ ஆலைக்குப் போனார். வெளியே வந்ததும் ஆலையில் வேலை என்று முருகானந்தம் உள்ளே இருக்கும்போதே வாக்குக் கொடுத்திருந்தார். கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று போர்டும் தொங்கியது.

"வேலைதானே? கொடுத்துவிட்டால் போயிற்று. ஆனால் கருப்பண்ணா, இங்கே பொம்பளைகள் நிறைய வேலை செய்கிறார்கள் பார். எனக்கு ஒன்றுமில்லை. என் மனசு எப்போதோ தயார். அவர்கள் மனசு பக்குவப்பட வேண்டாமா? அதற்குத்தான் நாம் கூட்டம் போடுகிறோம். நீ செவ்வாய்க்கிழமை வந்துவிடு, சங்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது."

இதுதான் திருத்துநர். ஊரெல்லாம் போய் இவர்களுக்கு வேலை கொடுங்கள் என்று கண்ணீர் மல்கக் கேட்பார். அந்த ஊரில் அவருடைய ஆலை மட்டும் இருக்காது.

வேலை கொடுத்தவள் சித்ரா. சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் போகிற வழியில் பேக்கரி வைத்திருக்கிறாள். நான் தினமும் டீ குடிக்கிற கடை. கருப்பண்ணன் கடை வாசலில் வந்து நின்று, "ரொட்டி போடத் தெரியுமுங்க. உள்ளார இருந்துட்டு வந்தவனுங்க. அதைச் சொல்லாம வேலைக்குச் சேரக்கூடாதுங்க" என்றபோது நான் அங்கேதான் இருந்தேன். சித்ரா கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"காத்தால நாலு மணிக்கெல்லாம் அடுப்பு பத்த வைக்கணும். வந்துருவீங்களா?"

"வாரேனுங்க."

"அப்ப நாளைக்கு வந்துருங்கண்ணா."

இதற்கு மாலை கிடையாது, பேனர் கிடையாது, ஆண்டு மலரில் இடம் கிடையாது. சூடான பன் மட்டும் கிடைத்தது. நான் சாப்பிட்டிருக்கிறேன். நன்றாக இருந்தது.

அவருடைய ஊர் செய்ததையும் கேளுங்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் ரிக் வண்டியோடு ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒடிசா என்று போய்விட்டு, நோம்பி நொடி என்று பண்டிகைக்கு மட்டும் முகம் காட்டுகிற ஆண்பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பன் எங்கே என்று கேட்டால், "ரிக்குல வடக்க போயிருக்காருங்க" என்பது அங்கே மூச்சு விடுகிற மாதிரி. கருப்பண்ணன் உள்ளே போனதும் சௌந்திரம் அதையேதான் சொன்னாள். மகள் தீபிகா கல்லூரியில் சேர்ந்தபோது அவளும் சிநேகிதிகளிடம் அதையேதான் சொன்னாள். ஊருக்குத் தெரியாதா? போலீஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனதை ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. ஆனாலும் ஒருத்தர் வாயிலிருந்தும் வேறு வார்த்தை வரவில்லை. வம்புக்கும் வாய்க்கும் பேர்போன ஊர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூடிப் பேசாமலே கூடி முடிவெடுத்தது. மூன்று வருஷம் கழித்துக் கருப்பண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கினார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த சென்றாயன் என்கிற பெரியவர் இடத்தை நகர்த்திக் கொடுத்தார்.

"வாப்பா கருப்பண்ணா. சத்தீஸ்கர்ல வெயில் சாஸ்தியாமா?"

கருப்பண்ணன் அந்த இடத்தில் உட்கார்ந்தார். "சாஸ்திதானுங்க மாமா."

"எளைச்சுப் போயிட்டே. சோறு சரியிருக்காது. டீயக் குடி."

மறுவாழ்வு, மறுவாழ்வு என்று செம்மல் மேடையில் தொண்டை கிழியக் கத்துகிறாரே, அது இதுதான். ஊர் ஒரு பொய்யைக் கூட்டாகச் சொல்லி ஒரு மனிதனுக்கு உட்கார இடம் கொடுத்தது. எந்த அறக்கட்டளைக்கும் இது சாத்தியமில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமே!

இதற்கிடையில் கூட்டங்கள் நடந்துகொண்டே இருந்தன. முதல் கூட்டத்தில் முருகானந்தம் கருப்பண்ணனின் வலது கையை உயரத் தூக்கி, "ஓர் உயிரைப் பறித்த கை இது!" என்றார். கருப்பண்ணன் பதறிப்போனார். இறங்கியதும் காதோரம் போய், "அய்யா, நான் உசுரெல்லாம் எடுக்கலீங்களே" என்றார்.

"நீ எடுக்கலை கருப்பண்ணா, எனக்குத் தெரியாதா? ஆனால் எடுத்திருக்கலாம் இல்லையா? கூட்டத்துக்கு அந்த உணர்வுதான் முக்கியம்."

இரண்டாவது மூன்றாவது கூட்டங்களில் உயிர் இரண்டாயிற்று. அப்புறம் ஒரு கூட்டத்தில் அரிவாள் வந்தது. வேறொன்றில் 'கூலிப்படை' என்ற வார்த்தை வந்தது. கொலை ஏறிக்கொண்டே போயிற்று, தண்டனை மட்டும் மூன்று வருஷத்திலேயே நின்றது. இரட்டைக் கொலைக்கு மூன்று வருஷமா என்று முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீலாவது கேட்டாரா? கேட்கவில்லை. எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் தைரியசாலிகள் சிலர் கிட்டே வந்து அந்தக் கையைத் தொட்டும் பார்த்தார்கள். அந்தக் கையின் நகத்தில் அன்றைக்குப் பிசைந்த மாவு ஒட்டியிருந்தது.

பிறகு வந்தது அந்தக் கல்லூரி விழா. நாமக்கல் சாலையில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரி. கட்டுரைப் போட்டிக்கு நடுவராக நானும் போயிருந்தேன். முருகானந்தம் பேக்கரிக்கே கார் எடுத்துக்கொண்டு போய், "ஒரு காலேஜ், சீக்கிரம் ஏறு" என்று மட்டும் சொல்லிக் கருப்பண்ணனை அழைத்து வந்திருந்தார். கல்லூரி வளைவுக்குள் கார் திரும்பிய பிறகுதான் அந்த மனிதருக்கு இடம் புரிந்திருக்கிறது. காரை விட்டு இறங்கியவர் முருகானந்தத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன்.

"அய்யா, இது என்ற புள்ள தீபிகா படிக்கிற காலேஜுங்க. அவ சிநேகிதிககிட்ட நான் ரிக்குல வடக்க இருக்கறன்னு சொல்லி வச்சிருக்காளுங்க. இங்க மட்டும் வேண்டாமுங்க. வேற எங்க கூப்பிட்டாலும் வாரேனுங்க. உங்க கால்ல வேணா உழுகறனுங்க."

முருகானந்தத்தின் முகத்தைப் பார்த்தேன். பூரித்துப்போயிருந்தது.

"மகள் இங்கேயா படிக்கிறாள்? இதை ஏன் முன்னாடியே சொல்லலை!"

அவர் கையை உதறிக்கொண்டு அரங்கத்துக்குள் விரைந்தார். போகிற வழியிலேயே உதவியாளரிடம் இன்னொரு பொன்னாடை எடுத்துவரச் சொன்னார்.

மேலே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்துச் சொல்ல மனம் இல்லை. உயிர் இரண்டு, அரிவாள் ஒன்று, கூலிப்படை எல்லாம் வரிசையாக வந்தன. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மேடையில் கருப்பண்ணன் தலையைக் குனிந்தவர் குனிந்தவர்தான். கடைசியில் முருகானந்தம் குரலைத் தாழ்த்தினார்.

"மாணவச் செல்வங்களே! இந்தக் கொலைகாரருக்கு ஒரு மகள் இருக்கிறாள். யார் தெரியுமா? உங்களில் ஒருத்தி. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு சோறு பங்கிட்டுச் சாப்பிடுகிறவள். தீபிகா! எழுந்து வா அம்மா! உன் தந்தையை உலகத்தின் முன்னால் கட்டியணைத்துக்கொள்!"

மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின.  அவள் எழுந்தாள். முருகானந்தம் பொன்னாடையை விரித்துத் தயாராகப் பிடித்துக்கொண்டார். அவள் மேடைப் பக்கம் வரவில்லை. வரிசையில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டு வழிவிட, பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். கருப்பண்ணன் மேடையிலிருந்து குதித்து அவள் பின்னாலேயே ஓடினார்.

"பாருங்கள், பாசம்!" என்றார் முருகானந்தம் மைக்கில்.

கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டினார்கள். அடுத்த கூட்டங்களில் அவர் சொன்னது இது: "அந்தக் கல்லூரியில் ஒரு மாணவி உணர்ச்சிப் பெருக்கைத் தாங்க முடியாமல் அரங்கத்தை விட்டே ஓடிவிட்டாள்!"

அன்றைக்கு வீட்டில் தீபிகா தன் அப்பாவிடம் சொன்னதைச் சௌந்திரம் பின்னால் சித்ராவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். சித்ரா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நீங்க உள்ளார இருந்தப்பக்கூட நான் தலை நிமுந்துதான் காலேஜுக்குப் போனனுங்கப்பா. வெளிய வந்ததுக்கப்புறந்தான் தலை குனிய வேண்டியதாப் போச்சு."

மறுநாள் காலை நாலு மணிக்குக் கருப்பண்ணன் வழக்கம்போல அடுப்பு பற்றவைக்க வந்துவிட்டார். 

பேக்கரிக்கும் செய்தி வந்து சேர்ந்தது. டீ குடிக்க வந்தவர்கள் அடுப்பறைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "எந்தக் கைங்க அது?" என்று ஒருவர் சித்ராவிடமே கேட்டார். "எந்தக் கையா இருந்தா என்னங்க, பன்னுக்கு உப்பு சரியா இருக்கா?" என்று அவள் சீறினாள். அவள் போகச் சொல்லவில்லை. கருப்பண்ணன்தான் இருக்கவில்லை. ஒரு நாள் அடுப்பைத் துடைத்துவைத்துவிட்டு, "ஊருக்குள்ளயும் முன்ன மாதிரி கேக்க மாட்டேங்கறாங்கம்மா. சத்தீஸ்கர்ல வெயிலு எப்படின்னு யாரும் கேக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டு விடைபெற்றார். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏறிக்கொண்டார். டிரைவராக இல்லை, லைசென்ஸ்தான் செத்துப்போயிற்றே. இருபது வயதுப் பையன்களோடு, துளை போடுகிற இரும்பு ராடு தூக்குகிற வேலைக்கு.

ஆக, மூன்று வருஷமாகக் குடும்பமும் ஊரும் சேர்ந்து சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டது. தீபிகா மறுபடியும் கல்லூரிக்குப் போகிறாள். அப்பா எங்கே என்று கேட்கிறார்கள். "ரிக்குல வடக்க போயிருக்காருங்க" என்கிறாள். அது சத்தியம். கேட்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.

முருகானந்தமும் நம்பவில்லை. போன வாரம் ஏதோ விழாவுக்காகக் கருப்பண்ணனைத் தேடிப் பேக்கரிக்கு வந்தார். "ரிக்குல போயிட்டாருங்க" என்றாள் சித்ரா. "அந்தக் கதையை என்னிடமேவா?" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனவர், இப்போது புதிய தலைப்பில் பேசிவருகிறார். எவ்வளவு கைதூக்கிவிட்டாலும் சிலர் பழைய வழிக்கே போய்த் தலைமறைவாகிவிடுகிறார்களே என்று குரல் உடைந்து சொல்கிறார். அதற்கும் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. பேனருக்குப் புது மீசை ஒன்று தேடுவதாகவும் கேள்வி.

இவ்வளவு நேரம் அவரைப் பார்த்து என்னோடு சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள், பல்லைக் கடித்தீர்கள். நல்லது. ஆனால் ஒரு விஷயம் உங்களை நமநமவென்று அரித்துக்கொண்டே இருக்கிறது, எனக்குத் தெரியும். அந்த மனுஷன் அப்படி என்னதான் செய்தான்? பிறகு சொல்கிறேன் என்றாரே, எங்கே சொல்கிறார் என்று பத்திக்குப் பத்தி தேடிக்கொண்டுதானே வந்தீர்கள்? அடிதடியா, திருட்டா, பொம்பளை விஷயமா? கொலை இல்லை என்று தெரிந்த இடத்தில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்குமே?

சொல்லப்போவதில்லை. கோர்ட் கேட்டது, அவர் சொன்னார், தண்டனையை அனுபவித்தார், அதோடு தீர்ந்தது. சித்ரா கேட்கவில்லை. சென்றாயன் கேட்கவில்லை, வெயிலைப் பற்றித்தான் கேட்டார். அந்த மனிதரைப் பார்த்து என்ன கேஸ் என்று கேட்டவர்களில் ஒருவர் முருகானந்தம். இன்னொருவர் யார் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்களுக்குப் பொன்னாடை எந்தக் கலரில் வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள். அறக்கட்டளையில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.